கார் ப்ளோவருக்குள் (ஏர்கான் காற்றைத் தள்ளும் ஃபேன்) மழைத்தண்ணீர் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

ஈசூன்காரர்:
போன டிசம்பர் தொடர்மழை. சிங்கப்பூரின் பி.கே.இ. விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன், பக்கத்தில் அம்மா. ப்ளோவர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. காற்று நின்றதும் முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அம்மா சீட் பெல்ட்டோடு முன்னால் சாய்ந்து முந்தானையால் எனக்காகத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் மறுபடி வெளுக்கும், மறுபடி துடைப்பார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் வொர்க்ஷாப்பில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி மோட்டாரை இறக்கிச் சாய்த்தார்கள். பழுப்புத் தண்ணீர் கொட்டியது, கூடவே தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள். புது மோட்டார் போட்டாயிற்று, காசும் கொடுத்தாயிற்று. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு இதுவும் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு நடந்திருந்தால் எழுதுங்கள்.

தெம்பனிஸ் டிரைவர்:
எனக்கும் தண்ணீரால் வந்த வினைதான், ஆனால் ஃபேன் நிற்கவில்லை. வேகம் 1, 2, 3இல் காற்றே வராது, 4இல் மட்டும் அடிக்கும். ஃபேன் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் எரிந்தால் இப்படித்தான் ஆகும். அதை மட்டும் மாற்றித் தந்தார்கள். கொஞ்ச நாளில் சாங்கி விமான நிலையத்தில் பயணி ஏற்றிக்கொண்டு வரும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஓரமாக நிறுத்தி அவர்களை இறக்கிவிட்டுப் பார்த்தால், ப்ளோவர் கனெக்டர் உருகி வயரோடு ஒட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு சின்ன வாடை வந்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

தண்ணீர் பட்ட மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ் துருப்பிடித்து இறுகிவிடும். சுற்றத் திணறும் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும். ரெசிஸ்டரைக் குளிரவைப்பதே அந்த ஃபேன் காற்றுதான், காற்று குறைந்தால் அதுவும் கொதிக்கும். மோட்டாரைத் தொடாமல் ரெசிஸ்டரை மாற்றினால் திரும்ப எரியத்தான் செய்யும்.

ஜூரோங் வெஸ்ட்:
ஈசூன் அண்ணே, அது மழைத்தண்ணீராக இருக்காது. இந்த ஊரில் ஏர்கான் ஓடாத நாள் ஏது? அதன் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். வெயில் கொளுத்திய ஒரு நாள், வலது பக்கம் திரும்பும்போது என் மனைவியின் காலில் சில்லென்று கொட்டியது, அலறிவிட்டாள். அடியில் குழாயைக் குத்திவிட்டதும் அத்தனை தண்ணீரும் இறங்கியது. மழையைச் சொல்லாதீர்கள்.

புக்கிட் பாத்தோக்:
ஜூரோங் தம்பி, ஏர்கான் தண்ணீரில் இலை எப்படி வரும்? பெரும்பாலான கார்களில் காற்று போகும் வழியில் ஃபேன் முதலில், கூலிங் காயில் அதற்குப் பிறகு. அந்தக் காயிலிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே கார்ப்பெட்டை நனைக்கும், ஃபேனுக்குத் திரும்பி ஏறுவது அபூர்வம். உங்களுக்கு நடந்தது வேறு, அண்ணனுக்கு நடந்தது வேறு.

என் காரில் சன்ரூஃப் வடிகுழாய் கழன்று, தண்ணீர் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக இறங்கிக் கால்மாட்டுக்கு வந்தது. ஃபேன் தப்பியது.

ஈசூன் அண்ணே, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். அடியில் மழைத்தண்ணீர் வடியும் பள்ளம், பக்கத்திலேயே வெளிக்காற்று உள்ளே போகும் வாய். இலை அடைத்துப் பள்ளம் நிரம்பினால் தண்ணீர் அந்த வாய் வழியாக ஃபில்டர்மேல் விழும், அங்கிருந்து நேரே மோட்டாருக்கு. மரத்தடிப் பார்க்கிங் என்றால் சந்தேகமே வேண்டாம். இலையைக் கையால் அள்ளுங்கள், பள்ளத்தின் வடிகுழாய்க்குள் கம்ப்ரசர் காற்று விடாதீர்கள், மூட்டு கழன்றுவிடும். பிறகு ஒரு குவளை தண்ணீர் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துப் பக்கம் கீழே ஒழுகினால் வழி சரி. நனைந்த ஃபில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், அது காற்றை அடைத்து மோட்டாரைத் திணறவைக்கும். ஃபியூஸ் போனால் அதைவிட அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடவே கூடாது. தெம்பனிஸ் நண்பருக்கு உருகியது கனெக்டரோடு நின்றது பெரிய விஷயம். இன்னொன்று: கார்ப்பெட் ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழையும் இல்லை, ஏர்கானும் இல்லை. ஹீட்டர் கோர் (இன்ஜின் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது, கூலன்ட் அளவை உடனே பாருங்கள். இங்கே யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் இதை நினைத்தே பார்ப்பதில்லை.

ஜூரோங் வெஸ்ட்:
இலையை நான் கவனிக்கவில்லை, சரி. ஆனால் வெயில் நாளில் ஈரம் இருந்தால் ஏர்கான், மழைக்குப் பிறகு இருந்தால் மேலேயிருந்து. இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா:
மோட்டார் மாற்றிய யாராவது கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா? எங்கள் காரில் புது ப்ளோவர் போட்ட பிறகும் காலையில் கண்ணாடி வெளுத்தது. கார்ப்பெட் தொட்டால் காய்ந்திருந்தது. மகன் பள்ளிப்பையை எடுத்தபோது அடிப்பக்கம் நனைந்திருந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையால் அழுத்தினேன், கீழே இருந்த பஞ்சிலிருந்து கருத்த தண்ணீர் விரலிடுக்கில் பொங்கி வந்தது. மகனுக்கு ஆஸ்துமா. அந்தக் காற்றைத்தானே தினமும் பள்ளிவரை சுவாசித்திருக்கிறான் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைப் பிரித்து, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வெயிலில் போட்டிருக்கிறோம். மேல்துணி காய்ந்துவிட்டது, பஞ்சு இன்னும் கசிகிறது. அந்தப் பஞ்சை மட்டும் தனியாக வெட்டிப் போட்டுத் தருபவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.