சென்னை வந்து 5 மாசம், எந்த சர்டிபிகேட் எடுத்தா வேலை கிடைக்கும்? நாளைக்குள்ள பணம் கட்டணும்

பசியாறியாச்சா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். சென்னைக்கு வந்து 5 மாசம் ஆச்சு. சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல 6 வருஷ அனுபவம், பெரும்பாலும் மேனுவல், அதாவது கருவி இல்லாம கையால சோதிக்கிறது. இதுவரைக்கும் 11 கம்பெனிகிட்ட பேசிட்டேன். முதல் ரவுண்டு நல்லாப் போகும், ரெண்டாவதும் போகும். எச்ஆர் கூப்பிட்டு டாக்குமெண்ட் கேப்பாங்க, அனுப்புவேன். அதோட சரி, அப்புறம் போனே எடுக்க மாட்டாங்க. மூணு இடத்துல இதே கதை.

வேளச்சேரியில ஒரு இன்ஸ்டிட்யூட்ல போய் விசாரிச்சேன். "உங்ககிட்ட சர்டிபிகேஷன் இல்ல மேடம், அதான் பிரச்சினை"ன்னாங்க. ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்), அஷ்யூர் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்), செலினியம் (டெஸ்டிங்கைத் தானா ஓட்டுற கருவி) மூணும் சேர்த்து 48,000 ரூபாய். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினா பிளேஸ்மெண்ட் கேரண்டியாம். கையில இருக்கிறதே அவ்வளவுதான். தினமும் மாமியார் முன்னாடி லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க வெக்கமா இருக்கு. எதை எடுக்கலாம், ஏடபிள்யூஎஸ்ஸா அஷ்யூரா?

சிக்னல்ல நிக்கிறவன்:

ஏடபிள்யூஎஸ். யோசிக்கவே வேணாம். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எழுதுங்க, பரீட்சை 150 டாலர், மேல வரி. 100 டாலருக்கு கிளவுட் பிராக்டிஷனர்னு ஒண்ணு இருக்கு, அது தண்டம். நான் அதை எழுதிட்டு லிங்க்டின்ல போட்டேன், எங்க சித்தப்பா மட்டும் லைக் போட்டார்.

ஆலமர நிழல்:

டெஸ்டருக்கு எதுக்குங்க ஆர்க்கிடெக்ட்? அஷ்யூர் எடுங்க. ஏஇசட்-900ன்னு அதோட அடிப்படைப் பரீட்சை, ஒரு தடவை பாஸ் பண்ணிட்டா காலாவதியே கிடையாது. ஏடபிள்யூஎஸ் 3 வருஷத்துல போயிடும், மறுபடி காசு. டம்ப்ஸ், அதாவது வெளியில சுத்தற பரீட்சைக் கேள்வி-பதில் மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க, இன்டர்வியூல ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிக்குவீங்க.

மடிப்பாக்கம் மாமா:

அம்மா, நீ சின்னப் பொண்ணு, கவலைப்படாதே. 2009ல மஸ்கட்லேர்ந்து நான் திரும்பி வந்தப்போ மார்க்கெட் இதைவிட மோசம். ரெசிஷன். ரெஸ்யூமே 50 காப்பி எடுத்து நாயுடு ஹால் பையில போட்டுண்டு, காலம்பற 6 மணிக்கு பஸ் ஏறுவேன். கிண்டியில ஒரு வாக்-இன். எனக்குக் கிடைச்ச டோக்கன் 317. மத்தியானம் மூணு மணிக்கு வாட்ச்மேன் வந்து "இன்னிக்கு அவ்வளவுதான், பையை அந்த அட்டைப்பெட்டியில போடுங்க"ன்னார். ரெஸ்யூமேயைச் சொல்றார்னு புரியாம நான் சாப்பாட்டுப் பையோட போட்டுட்டேன். தயிர்சாதம் போச்சு, டப்பாவும் போச்சு. இன்னிக்கும் ஆத்துல அந்த டப்பாவைப் பத்திப் பேச்சு வரும். அப்புறம் பிஎம்பின்னு புராஜெக்ட் மேனேஜர் சர்டிபிகேட் எடுத்தேன், வாழ்க்கை மாறித்து. நீயும் பிஎம்பி எடு.

சிக்னல்ல நிக்கிறவன்:

மாமா, பிஎம்பிக்கு டிகிரி இருந்தாலும் 36 மாசம் புராஜெக்ட்டை நடத்தின அனுபவம் காட்டணும், 35 மணி நேர வகுப்பும் வேணும். மேனுவல் டெஸ்டர் எங்கே போவாங்க?

மடிப்பாக்கம் மாமா:

டெஸ்ட் லீடா இருந்திருந்தா காட்டலாமே. அவள்தான் சொல்லலையே.

வல்வைக்காரன்:

தங்கச்சி, வேலை கிடக்கட்டும், வீடு கிடைச்சிட்டுதோ? அதைச் சொல்லுங்கோ முதல்ல. நான் கொழும்பில இருந்து வந்த புதுசில வளசரவாக்கத்தில 14 வீடு பார்த்தனான். பாஸ்போட்டைக் காட்டின உடனே முகம் மாறிடும். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினா 24 மணித்தியாலத்துக்குள்ள வீட்டுச் சொந்தக்காரர் அந்த விவரத்தை அரசாங்கத்திட்டப் பதியவேணும், அப்ப அந்தப் படிவத்துக்கு ஃபார்ம் சி எண்டு பேர். அந்தப் பேரைக் கேட்டாலே "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி"ன்னு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்துவினம். கடைசியா வீடு தந்த அம்மாவுக்கு நான்தான் பக்கத்தில இருந்து ஃபார்மை நிரப்பிக் குடுத்தனான். அவ எனக்கு மோர் தந்தவ.

ஆலமர நிழல்:

வீட்டுப் பேச்சை எடுத்தீங்களே. வாடகைச் சட்டத்துல பொதுவா அட்வான்ஸ் 3 மாசம்தான். ஆனா இன்னமும் 10 மாசம் கேக்கிறவங்க இருக்காங்க. சட்டத்தைச் சொன்னா "நீங்க வேற வீடு பாருங்க சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்கணும்னு ஒரு மாசத்தைப் பிடிச்சுக்குவாங்க, அது தனி.

சிக்னல்ல நிக்கிறவன்:

பெயிண்ட் பரவாயில்ல. கத்திரி வெயில்ல லாரித் தண்ணிக்கு பேசிப் பாருங்க. மாதவரம்-சிறுசேரி மெட்ரோவுக்குத் தோண்டின நாள்லேர்ந்து ஓஎம்ஆர்ல என் ஆயுசுல பாதி போச்சு. துரைப்பாக்கத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் போறதுக்குள்ள ஒரு முழு மீட்டிங்கையும் பைக்ல நின்னுக்கிட்டே கேட்டு முடிச்சிருக்கேன்.

பசியாறியாச்சா:

எனக்கும் ஒண்ணு ஆச்சு. வந்த மறுநாள் ஓட்டல்ல போய் "பசியாற என்ன இருக்கு"ன்னு கேட்டேன். அந்தத் தம்பி ஓனரைக் கூட்டிட்டு வந்துட்டான். காசில்லாம சாப்பாடு கேக்கிறேன்னு நெனச்சிருக்கான் லா. ஆனா அண்ணே, அக்கா, நாளைக்கு சாயங்காலம் பணம் கட்டணும். ஏடபிள்யூஎஸ்ஸா அஷ்யூரா?

ஹாடோஸ் ரோடு:

ஒரு நிமிஷம். பசியாறியாச்சான்னு பேர், வாக்கியம் லா-ல முடியுது. நீங்க மலேசியாவாம்மா? எச்ஆர்கிட்ட என்ன டாக்குமெண்ட் அனுப்பினீங்க, எதை அனுப்பினப்புறம் பேச்சு நின்னுச்சு? பாஸ்போர்ட் எந்த நாடு, விசா என்ன? இது ரெண்டையும் சொல்லுங்க. அதுவரைக்கும் யாருக்கும் ஒரு பைசா கட்டாதீங்க.

பசியாறியாச்சா:

ஆமாக்கா, கிள்ளான். மலேசியப் பாஸ்போர்ட்தான். வீட்டுக்காரர் அம்பத்தூர். கே.எல்.ல வேலை பார்த்தார், இப்போ இங்க மாத்திட்டாங்க. எச்ஆருக்கு டிகிரி, ரிலீவிங் லெட்டர், பேஸ்லிப் எல்லாம் அனுப்பினேன். கடைசியா பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்டாங்க, அனுப்பினேன், நின்னுச்சு. விசாவுல எக்ஸ்-2ன்னு போட்டிருக்கு. "பொண்டாட்டி விசா, எல்லாம் பண்ணலாம்"னு அவர் சொன்னார். வந்த புதுசுல ஆன்லைன்ல ஏதோ பதிஞ்சு ஒரு பெர்மிட் எடுத்துக் குடுத்தார், அது இருக்கு.

ஹாடோஸ் ரோடு:

அதானே பார்த்தேன். சர்டிபிகேட் ஒரு காரணமே இல்லம்மா. எக்ஸ் விசா புருஷனோட சேர்ந்து வாழறதுக்குத்தான், சம்பளத்துக்கு வேலை பார்க்க இல்ல. கம்பெனி எம்ப்ளாய்மெண்ட் விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணணும்னா வருஷச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல இருக்கணும். சமையல்காரர், மொழி ஆசிரியர்னு சில பேருக்குத்தான் அதுல விலக்கு. 6 வருஷ மேனுவல் டெஸ்டருக்கு அந்தச் சம்பளத்தை இங்க யார் தர்றாங்க? எச்ஆர் உங்க பாஸ்போர்ட்டைத் திறந்து பார்ப்பாங்க, கணக்குப் போடுவாங்க, மூடிடுவாங்க. அதை வாய் திறந்து சொல்ற பழக்கம்தான் இல்ல.

பதிவு பண்ணினது நல்லது. 180 நாளுக்கு மேல விசா இருந்தா வந்த 14 நாளுக்குள்ள பதியணும், அதை உங்க வீட்டுக்காரர் சரியாச் செஞ்சிருக்கார். மனுஷன் பாதிக் கிணறு தாண்டியிருக்கார்.

பேக்பெஞ்ச்:

இதுக்கெல்லாம் பயந்தா ஆகாது சிஸ். கன்சல்டன்சி ஒண்ணு இருக்கு. அவங்க பேரோல்ல உங்க ஹஸ்பண்ட் பேரைப் போட்டுட்டு நீங்க வேலை பார்க்கலாம். ரெண்டு லட்சம் குடுத்தா பேக்டோர்ல அனுபவச் சான்றிதழும் சேர்த்துத் தருவாங்க. என் ஃப்ரெண்ட் அப்படித்தான் இருக்கான்.

ஹாடோஸ் ரோடு:

உங்க ஃப்ரெண்ட் இந்தியப் பாஸ்போர்ட், பிடிபட்டா வேலை போகும். இந்தப் பொண்ணு பிடிபட்டா ஊரைவிட்டு அனுப்புவாங்க, திரும்பி வர முடியாம கறுப்புப் பட்டியல்ல பேர் ஏறும். வாயை மூடிட்டுப் போங்க தம்பி.

இப்போ வழி. ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கும் இந்தியரைக் கல்யாணம் பண்ணினவங்களுக்கும் குடுக்கிற அட்டை. அது கையில வந்துட்டா எம்ப்ளாய்மெண்ட் விசா வேணாம், தனியார் கம்பெனியில எந்தச் சம்பளத்துக்கும் சேரலாம். அரசு வேலைக்குத்தான் ஆகாது. இந்தியக் குடிமகனைக் கல்யாணம் பண்ணினவங்க, கல்யாணம் பதிவாகி 2 வருஷம் விடாம நிலைச்சிருந்தா போடலாம். இங்க கட்டணம் 15,000 ரூபாய். உங்க கல்யாணம் எப்போ பதிவாச்சு?

பசியாறியாச்சா:

வடபழனி கோவில்ல ஜனவரியிலதான் ஆச்சு அக்கா, இங்க வந்தப்புறம். 2 வருஷம்னா இன்னும் எவ்வளவு காத்திருக்கணும்? அழுகையா வருது.

மடிப்பாக்கம் மாமா:

அழாதேம்மா. கல்யாணத்தை விடு, வம்சாவளியில போடலாமே. தாத்தா எந்த ஊர்? அந்தக் காலத்துல மலேயாவுக்குப் போன ரஜூலா கப்பல்ல போனவாளா?

பசியாறியாச்சா:

ஆமா மாமா, ரஜூலாதான்னு பாட்டி சொல்வாங்க. நாகப்பட்டினத்துல ஏறினாராம். ஊர் நாமக்கல் பக்கம்னு மட்டும் தெரியும். தாத்தாவுக்கு சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற அடையாள அட்டைதான் இருந்துச்சு, எஸ்டேட் ஆபீஸ்ல பேரையே வேற மாதிரி எழுதிட்டாங்க.

ஹாடோஸ் ரோடு:

கொள்ளுத்தாத்தா வரைக்கும் அந்த வழியில போகலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஒவ்வொரு தலைமுறைக்கும் தாள் வேணும். பேர் மாறின தோட்டத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அதை ரெண்டாவதா வெச்சுக்குவோம்.

கோவிலை விடுங்க. உங்க வீட்டுக்காரர் கே.எல்.ல இருந்தார்னு சொன்னீங்களே. அங்க ஜேபிஎன்ல, அதான் மலேசிய அரசாங்கப் பதிவு ஆபீஸ்ல, கல்யாணத்தைப் பதியலையா?

பசியாறியாச்சா:

பதிஞ்சோம்! அது சும்மா கையெழுத்துதானேக்கா. ஆபீஸ் லீவு கூடப் போடல, மத்தியானம் போய்ட்டு வந்து ரோட்டி சானாய் சாப்பிட்டோம். அதுக்கு 2 வருஷமும் 4 மாசமும் ஆச்சு.

சிக்னல்ல நிக்கிறவன்:

அடக் கடவுளே. இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கலாம்ல.

ஹாடோஸ் ரோடு:

அந்தக் கையெழுத்துதான் கணக்கு. மேளம், நாதஸ்வரம் எல்லாம் உங்க மாமியாருக்கு. ஜேபிஎன் சான்றிதழின் மூலப்பிரதியை கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துல (ஹை கமிஷன்) சான்றுரைச்சு வாங்கணும். அதை அம்மாவை விட்டுச் செய்யச் சொல்லுங்க. அது வந்ததும் ஆன்லைன்ல விண்ணப்பம், அப்புறம் மூலப்பிரதிகளோட நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டுல சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்துல இருக்கிற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸுக்குப் போகணும். பேர் எழுத்து எல்லாத் தாளிலயும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னிக்கே உக்காந்து பாருங்க. கணவன்-மனைவி வழியில போட்டா பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு, அதனால மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் விசாவை விட்டுடற மாதிரி எதுவும் செய்யாதீங்க. எக்ஸ்-2 காலாவதி தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஆலமர நிழல்:

அப்போ அந்த மாசங்களுக்கு நான் சொல்றேன். அஷ்யூர்னு முதல்ல சொன்னதை மாத்திக்கிறேன். 3 வருஷக் கெடு இருக்கிற ஏடபிள்யூஎஸ்ஸை இப்போ எழுதாதீங்க, கார்டு வர்றதுக்குள்ள கடிகாரம் ஓடிடும். டெஸ்டருங்களுக்குன்னே இருக்கிற ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் பரீட்சை எழுதுங்க. அதுக்குக் கெடு இல்ல. 40 கேள்வி, 26 சரியா இருந்தா பாஸ். 60 நிமிஷம், ஆங்கிலம் தாய்மொழி இல்லன்னா 75. பாடத்திட்டத்தை அவங்க தளத்துலயே இலவசமா இறக்கிக்கலாம். மேனுவல்ல 6 வருஷம் இருந்தவங்களுக்கு மூணு வாரம் போதும். மீதி நேரத்துல பிளேரைட்டோ செலினியமோ, ஏதாவது ஒரு ஆட்டோமேஷன் கருவியைக் கத்துக்கிட்டு, சொந்தமா 20 டெஸ்ட் எழுதி கிட்ஹப்ல, கோடை எல்லாரும் பார்க்கிற தளத்துல, போடுங்க. சர்டிபிகேட்டை எச்ஆர் பார்ப்பாங்க, அந்த 20 டெஸ்ட்டை லீட் பார்ப்பான்.

வல்வைக்காரன்:

இங்க வந்து 182 நாள் முடிஞ்ச பிறகு ஆதாருக்கும் போடலாம் தங்கச்சி. அது இல்லாமத்தான் நான் ஒவ்வொரு வங்கிக் கவுண்டர்லயும் நிண்டனான்.

பசியாறியாச்சா:

அம்மாகிட்ட பேசிட்டேன். சான்றிதழ் மைலோ டின்ல மத்த தாளோட பத்திரமா இருக்காம். திங்கக்கிழமை அண்ணன் தூதரகத்துக்குக் கொண்டு போறான். இன்ஸ்டிட்யூட்ல இருந்து மறுபடி மூணு தடவை கூப்பிட்டாங்க, 32,000க்கு இறங்கிட்டாங்க. நான் எடுக்கல.

ஹாடோஸ் ரோடு அக்கா, மாமியார்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அந்த ஆபீஸுக்குப் போற அன்னிக்கு அவங்களும் வரணுமாம். வரலாமா?

ஹாடோஸ் ரோடு:

தாராளமா வரட்டும். உள்ள உங்க ரெண்டு பேரை மட்டும்தான் விடுவாங்க, அதனால வெளியில நிழல் பார்த்து உக்காரச் சொல்லுங்க. தண்ணியும் ரெண்டு இட்லியும் கட்டிக்கிட்டு வாங்க. எல்லாத் தாளுக்கும் மூணு மூணு ஜெராக்ஸ் வீட்டுப் பக்கத்துலயே எடுத்துட்டு வந்துடுங்க.