டிரெய்லருக்கு வினைல் ஒட்டிய அனுபவம்: குறைந்த செலவில் எதைத் தேர்ந்தெடுத்தோம்?

தூத்துக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கம்பங்கூழும் சுக்குக் காபியும் விற்கும் டிரெய்லர் ஒன்றை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நாள்தோறும் காலையில் கடற்கரைச் சாலையிலும், திருவிழாக் காலங்களில் சுற்றுவட்டார ஊர்களிலும் வண்டி நிற்கும். அதற்கு இதுவரை இரண்டு முறை வினைல், அதாவது படமும் எழுத்தும் அச்சிட்டு ஒட்டும் பிளாஸ்டிக் தாள், ஒட்டியிருக்கிறேன். முதலில் ஒட்டியது எட்டே மாதத்தில் வீணாகிவிட்டது. இரண்டாவதாக ஒட்டியது மூன்றாவது கோடையையும் தாண்டி, ஓரிரு இடங்களைத் தவிர, இன்றும் ஓரம் பிரியாமல் இருக்கிறது. புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் என்னைப் போல இரண்டு முறை செலவழிக்கக் கூடாது என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டி பத்தடி நீளமும் ஆறடி அகலமும் ஏழடி உயரமும் உடையது. இரண்டு பக்கங்களும் சேர்ந்து 140 சதுர அடி. முன்னும் பின்னும் சேர்ந்து 84 சதுர அடி. வெட்டுக் கழிவையும், ஒரு துண்டின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் மேற்பொருத்தலையும் சேர்த்தால் ஏறத்தாழ 270 சதுர அடி தேவைப்படும். முதல் முறை ஒரு அச்சகத்தில் சதுர அடிக்கு 45 ரூபாய் என்றார்கள். 12,150 ரூபாயில் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். எந்த வகை வினைல், அச்சைக் காக்க மேலே ஒட்டும் லேமினேஷன் படலம் உண்டா, பசை எப்படிப்பட்டது என்ற எதையும் நான் கேட்கவில்லை. நான்காம் மாதத்தில் சிவப்பு வெளுத்தது. ஆறாம் மாதத்தில் ஒவ்வொரு ஓரத்திலும் வினைல் உள்வாங்கி, வெளியே தெரிந்த பசையில் தூசி படிந்து, வண்டியைச் சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டதுபோல் ஆனது. உரிக்க முயன்றபோது விரல் நக அளவில் நொறுங்கித்தான் வந்தது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்து இரண்டு நாள் உரித்தோம். தகட்டிலேயே தங்கிவிட்ட பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்க மேலும் ஒரு நாள் ஆனது. அந்த மூன்று நாள் வியாபாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 45 ரூபாய் வினைல் எனக்கு மலிவாக அமையவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று அதன்பின் விசாரித்தேன். வினைலின் மூலப்பொருளான பிவிசி பிளாஸ்டிக் தன்னளவில் விறைப்பான பொருள். அதனை வளையச் செய்வது அதில் கலக்கும் இளக்கிப் பொருளே. மிக மலிவான மோனோமெரிக் வகையில் இந்த இளக்கியின் மூலக்கூறுகள் சிறியவை என்பதால், வெயிலில் அவை விரைவாக வெளியேறியும் பசைக்குள் இறங்கியும் விடுகின்றன. வினைல் சுருங்கி, கடினமாகி, உடைகிறது. பாலிமெரிக் வகையில் அதே இளக்கி நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாக இருப்பதால் எளிதில் இடம்பெயர்வதில்லை. இந்த இரண்டுமே சூடான உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கப்படுபவை. இவற்றைக் காலண்டர்டு என்பார்கள். அழுத்தி இழுத்த விசை உள்ளேயே தங்கியிருப்பதால், சூடு பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வினைல் அப்படியன்று. அது திரவமாக ஊற்றி அடுப்பில் உலர்த்தி எடுக்கப்படுவது. உள்ளே இழுவிசை இல்லாததால் வளைவுகளில் படிந்தே நிற்கிறது. மைக்ரான், அதாவது தடிமன், அதிகமாக இருந்தால் உறுதியும் அதிகம் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். 50 மைக்ரான் காஸ்ட் வினைல், 100 மைக்ரான் மோனோமெரிக்கைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

இரண்டாம் முறை விலை விசாரித்தபோது, லேமினேஷனுடன் பாலிமெரிக் சதுர அடிக்கு 95 ரூபாய், காஸ்ட் 210 ரூபாய் என்றார்கள். முழு வண்டிக்கும் காஸ்ட் என்றால் 56,700 ரூபாய்; என்னால் இயலாத தொகை. அப்போதுதான் வண்டியைச் சுற்றி வந்து, எந்த இடம் தட்டை, எந்த இடம் வளைவு என்று நிதானமாகப் பார்த்தேன். பக்கங்களும் பின்புறமும் ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உள்ள பலகை); முற்றிலும் தட்டையானவை. முன்புறம் மட்டும் படகின் மூக்குப்போல் இரண்டு திசையிலும் வளைந்திருந்தது. தட்டையான 220 சதுர அடிக்குப் பாலிமெரிக்கும், வளைந்த 50 சதுர அடிக்குக் காஸ்ட்டும் வாங்கினேன். மொத்தம் 31,400 ரூபாய் ஆனது. ஒரே நிறம் இரண்டு வகை வினைலில் சற்று வேறுபட்டு அச்சாகக்கூடும் என்பதால், முன்புறத்தில் படம் எதுவும் வைக்காமல் ஒரே பச்சை நிறமாக விட்டுவிட்டேன். தட்டையான டிரெய்லருக்குக் காஸ்ட் வாங்குவது வீண் செலவு என்பதும், வளைவுக்குப் பாலிமெரிக் வாங்கி இழுத்து ஒட்டுவது அதைவிடப் பெரிய வீண் செலவு என்பதும் என் உறுதியான கருத்து.

ரோலின் அகலத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். 1.27 மீட்டர் ரோலில் என் பத்தடிப் பக்கத்துக்கு மூன்று துண்டுகள் வேண்டும். இரண்டு இணைப்புகள் விழும். 1.52 மீட்டர் ரோலில் இரண்டு துண்டுகள் சேர்ந்து 304 சென்டிமீட்டர். மூலைகளில் உள்ள அலுமினிய ஆங்கிள்களுக்கு நடுவே என் பக்கத் தகடு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒன்றரை சென்டிமீட்டர் மேற்பொருத்தலுடன் ஒரே இணைப்பில் வேலை முடிந்தது. இணைப்பு குறைந்தால் பிரியும் இடமும் குறைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் அச்சகத்தில் பெயர் பெற்ற நிறுவனத்தின் வினைல் என்றே சொன்னார்கள். உரிக்கும்போது மீதமிருந்த துண்டின் பின்தாளைப் பார்த்தேன். அதில் எந்த எழுத்தும் இல்லை. 3எம், ஏவரி டென்னிசன், ஒராஃபோல் போன்ற நிறுவனங்களின் ரோல்களில் பின்தாளிலேயே பெயர் அச்சாகியிருக்கும். இரண்டாம் முறை ரோலைப் பிரிக்கும்போது உடனிருந்து, அதைப் பார்த்த பின்னரே அச்சிடச் சொன்னேன். நிறுவனங்கள் சொல்லும் ஆயுட்காலத்தையும் சற்றுக் குறைத்தே கணக்கிடுங்கள். ஐரோப்பிய நிறுவனங்கள் தரும் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் நடு ஐரோப்பியத் தட்பவெப்பத்தில், செங்குத்தான பரப்பில் ஒட்டியதற்கானது. நம் ஊர் வெயிலுக்கும், கூரைபோன்ற கிடைப்பரப்புக்கும் அது பொருந்தாது. நான் கூரைக்கு வினைல் ஒட்டவே இல்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

மதுரையிலிருந்து:

தூத்துக்குடி அண்ணனுக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாக வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை செய்கிறேன். வினைலின் வகையைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. ஆனால் நல்ல வினைலையும் கெடுத்துவிடும் தவறுகள் ஒட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஜிஐ ஷீட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில்) செய்த புது டிரெய்லரைக் கொண்டுவந்தார். எனாமல் பெயின்ட் அடித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார் என்பதால் நானும் இசைந்து ஒட்டினேன். பத்து நாளில் வண்டி முழுவதும் பயறு அளவில் கொப்புளங்கள் எழும்பின. பெயின்டின் உள்ளே இருந்த கரைப்பான் ஆவியாகி வெளியே வர வழியின்றி வினைலுக்கு அடியில் தங்கியதே காரணம். குத்திவிட்டு அழுத்தினால் மறுநாள் வேறிடத்தில் எழும்பியது. முழுவதையும் உரித்து, என் கைப்பணத்தில் மீண்டும் ஒட்டிக் கொடுத்தேன். காற்றில் உலரும் பெயின்ட் என்றால் குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும் என்பதை அன்றுமுதல் யாருக்காகவும் நான் தளர்த்தவில்லை.

அச்சிலும் இதே அவசரம் கெடுதல் செய்யும். சால்வென்ட், ஈகோ சால்வென்ட் எனப்படும் கரைப்பான் கலந்த மையில் அச்சிட்டதைக் குறைந்தது 24 மணி நேரம் பிரித்து ஆறவிட்ட பிறகே லேமினேஷன் போட வேண்டும். காலையில் அச்சிட்டு மாலையில் லேமினேஷன் போட்டால் மையிலுள்ள கரைப்பான் பசைக்குள் இறங்கி ஓரங்களைச் சுருட்டிவிடும். லேமினேஷனும் வினைலின் வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். காஸ்ட் வினைலின்மேல் மலிவான காலண்டர்டு லேமினேஷன் போட்டால், மேலே உள்ளது சுருங்கும்போது கீழே உள்ள விலையுயர்ந்த வினைலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். விலைப்பட்டியலில் வினைலின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் லேமினேஷனின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அண்ணன் மண்ணெண்ணெய் பற்றிச் சொன்னார். அதைப் பயன்படுத்தினால் பிறகு சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு சிறிது இருந்தாலும் பசை பிடிக்காது. மண்ணெண்ணெய் தொட்ட இடத்துக்கு அருகில் ஹீட் கன்னைக் கொண்டுபோகவே கூடாது. ரிவெட் உள்ள வண்டி என்றால் ரிவெட் தலையைச் சுற்றி ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, மெல்லச் சூடாக்கி, வட்டமான தூரிகையால் அழுத்திப் படியவைக்க வேண்டும். துண்டுகளை ஒட்டும் வரிசையும் முக்கியம். வண்டி ஓடும்போது காற்று இணைப்புக்குள் புகாதபடி, பின்துண்டை முதலில் ஒட்டி அதன்மேல் முன்துண்டின் ஓரம் வருமாறு செய்ய வேண்டும். கிடைமட்ட இணைப்பு என்றால் ஓடு வேய்வதுபோல் மேல்துண்டு கீழ்த்துண்டின்மீது விழ வேண்டும். இல்லையென்றால் மழைநீர் உள்ளே இறங்கும்.

டொராண்டோவிலிருந்து:

இருவரின் அனுபவத்தையும் படித்தேன். நீங்கள் வெயிலோடு போராடுவதுபோல் நாங்கள் இங்கே குளிரோடு போராடுகிறோம். திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் நானும் என் மனைவியும் சாமான்களை ஏற்றிச் செல்ல மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். அக்டோபர் மாதக் கடைசியில் வீட்டு வாசலில் நிறுத்தி நாங்களே ஒட்டினோம். அன்று வெப்பநிலை 4 பாகை செல்சியஸ்தான் இருந்தது. அந்த வினைலை 10 பாகைக்கு மேல் ஒட்ட வேண்டும் என்று அதன் விவரத்தாளில் இருந்ததை நான் படிக்கத் தவறினேன். குளிரில் பசை விறைத்துப்போய்த் தகட்டைப் பற்றவே இல்லை. முதல் பனிப்பொழிவில் ஒரு பக்கம் முழுவதும் தொங்கியது.

அடுத்த மே மாதம் வரை காத்திருந்தோம். அதற்குள் முழுவதும் ஒட்டும் எண்ணத்தையே கைவிட்டோம். டிரெய்லர் ஆலையிலேயே வெள்ளை நிறம் பூசி வந்தது. அந்த வெள்ளையையே பின்னணியாகக் கொண்டு, எழுத்துகளையும் வாழையிலைச் சின்னத்தையும் மட்டும் ஒராஃபோல் நிறுவனத்தின் ஒராக்கல் 651 என்ற வண்ண வினைலில் வெட்டி ஒட்டினோம். முழு வண்டிக்குக் கேட்ட தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எழுத்துக்கு அந்த வகை மிகவும் ஏற்றது. அது விலை குறைவு என்பதற்காக வண்டி முழுவதற்கும் அதையே வாங்க நினைப்பவர்கள் இங்கே பலர் உண்டு; அதன் பசை நிரந்தரப் பசை என்பதையும், காற்று வெளியேறும் நுண்வழிகள் அதில் இல்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பெரிய பரப்பில் குமிழியின்றி ஒட்டுவதும் கடினம்; பிறகு உரிப்பது அதைவிடக் கடினம்.

இராமேசுவரத்திலிருந்து:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மீன் வறுவல் விற்பதற்காக எட்டடி டிரெய்லர் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் கைக்கு வரும். அடுப்பு உள்ள பக்கத்திலும், மேலே தூக்கித் திறக்கும் கதவின் உட்புறத்திலும் வினைல் ஒட்டலாமா? கடல் காற்றில் உப்புப் படியும் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து:

தங்கச்சிக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கதவின் உட்புறத்தில் நானும் ஆசைப்பட்டு விலைப்பட்டியலை ஒட்டினேன். சுக்குக் காபியின் ஆவி பட்டே அந்த ஓரங்கள்தான் முதலில் கிளம்பின. உங்களுடையது எண்ணெய்ச் சட்டி. எண்ணெய்ப் புகையும் ஆவியும் சேர்ந்து வரும் இடத்தில் வினைல் வேண்டாம். அங்கே வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு அடித்துவிட்டால் தினமும் துடைத்துக்கொள்ளலாம்; விலைப்பட்டியலைத் தனிப் பலகையில் எழுதித் தொங்கவிடலாம். அடுப்புப் பக்கச் சுவரில் வெளிப்புறமாக ஒட்டுவதென்றால், புகைபோக்கி வெளிவரும் துளையைச் சுற்றி ஒரு அடி இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள். அடுப்பு எரியும்போது அந்தத் தகட்டில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருக்கும் இடத்தில் வினைல் நிற்காது.

உப்பைப் பொறுத்தவரை, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். அதுவே போதுமானதாக இருக்கிறது. பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் முனையை ஒரு அடிக்கு அப்பால் நேராகப் பிடியுங்கள். ஓரத்தைச் சாய்வாக அடித்தால் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். வண்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் உள்ள ஒளி எதிரொளிக்கும் டேப்பையும் பதிவு எண்ணையும் விளக்குகளையும் வினைல் மறைக்காதபடி வடிவமைப்பிலேயே இடம் விடச் சொல்லுங்கள். என் அச்சகத்தில் இதை மறந்து, ஒட்டிய பிறகு வெட்டி எடுத்தார்கள், அந்த வெட்டு ஓரத்தில் மட்டும் இப்போது மெல்லப் பிரிகிறது.

முன்பணம் கொடுக்கும் முன், வாங்கப்போகும் வினைலில் ஒரு சாண் துண்டை லேமினேஷனோடு கேட்டு வாங்கி, வண்டி செய்யும் பட்டறையில் கிடக்கும் அதே ஷீட்டின் கழிவுத் துண்டில் ஒட்டி, வீட்டு மாடியில் இரண்டு வாரம் வெயிலில் போட்டு வையுங்கள். ஓரத்தை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு வரைந்துவிட்டால், சுருங்கினால் உடனே தெரியும். நான் அப்படி மூன்று கடைகளின் துண்டுகளை வைத்துப் பார்த்தேன். ஒன்று கோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியுமளவு உள்வாங்கிவிட்டது. மற்ற இரண்டில் விலை குறைந்ததைத்தான் வாங்கினேன்.