அன்னவாசல் மேல வட்டம் போட்ட ஷார்ஜா ஃப்ளைட்

லேண்டிங் கியர், அதான் ஃப்ளைட்டோட சக்கரம், அதுல பிரச்சனை வந்த அனுபவம் இருந்தா எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்க, நான் ஃப்ளைட்ல இல்ல, கீழ நின்னு பாத்தவன். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம். சின்னம்மா மகன் திருச்சில இருந்து ஷார்ஜாவுக்கு மொத தடவையா வேலைக்கு கெளம்புறான், ஏர்போர்ட்ல விடப்போன சித்தப்பா இன்னும் வீடு வந்து சேரல. டிராக்டருக்கு சந்தனம் குங்குமம் வச்சு பொரி குடுத்துக்கிட்டு இருக்கோம், தலைக்கு மேல ஒரு ஃப்ளைட் போச்சு, கொஞ்ச நேரத்துல திரும்ப அதே சத்தம், திரும்பவும். பசங்க எண்ணவே ஆரம்பிச்சுட்டானுங்க. இருட்டுனப்புறம் அந்த லைட்டு மட்டும் வட்டம் போட்டு வருது.

அப்புறம் டிவில ஓடுது, அது ஷார்ஜா ஃப்ளைட்டுதான், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்துல சக்கரத்தை எல்லாம் இயக்குற அமைப்பு) கோளாறு, உள்ள 141 பேரு, ஏர்போர்ட்ல ஆம்புலன்ஸ் வரிசையா நிக்குதுன்னு. சக்கரம் இல்லாம வயித்தால எறக்கப் போறாங்கன்னு வேற பேச்சு. சின்னம்மா பொரித்தட்டோட திண்ணையில உக்காந்துருச்சு, எந்திரிக்கவே இல்ல. தம்பி போன் போகல. ஏன் சுத்துதுன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லிருந்தா அந்த மனுஷி அவ்வளவு தவிச்சிருக்காதுங்க, எனக்கு இன்னிக்கும் அதான் ஆத்தாமை. சாயந்தரம் 5.40 வாக்குல கெளம்புனது, ராத்திரி 8.15 வாக்குல சக்கரத்துலயே நல்லபடியா எறங்குச்சு. தம்பி கூப்பிட்டான், சின்னம்மா போனைத் தலைகீழா காதுல வச்சுக்கிட்டு "கேக்கலப்பா, கேக்கலப்பா"ங்குது, நான்தான் வாங்கித் திருப்பிக் குடுத்தேன்.

வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க, எதுக்கு ரெண்டரை மணி நேரம்?

---

அண்ணே வணக்கம், நான் ஹேங்கர்ல, அதான் ஃப்ளைட்டை நிறுத்தி ரிப்பேர் பாக்குற கொட்டகையில, மெக்கானிக்கா இருந்தவன். அது போயிங் 737. அதுல எரிபொருளை வானத்துல கொட்டுற வசதியே கெடையாது. 737-800னா கெளம்பும்போது 79 டன் வரைக்கும் தாங்கும், ஆனா எறங்குறதுக்கு 66 டன் சொச்சம்தான் கணக்கு. ஃபுல் டேங்க்கோட உடனே எறக்குனா டயருக்கும் பிரேக்குக்கும் பாரம் தாங்காது, அதான் சுத்திச் சுத்தி எரிச்சுத் தீக்குறாங்க.

சக்கரம் கீழ வராம மாட்டிக்கிட்டாலும் வழி இருக்கு. கோ-பைலட் சீட்டுக்குப் பின்னாடி தரையில ஒரு சின்ன மூடி, அதைத் தொறந்தா மூணு கைப்பிடி. இழுத்தா லாக் விட்டுரும், சக்கரம் தன் வெயிட்டுலயே கீழ விழுந்து பூட்டிக்கும். முன்னாடி பேனல்ல மூணு பச்சை லைட்டு எரியணும், அது எரிஞ்சாத்தான் பைலட்டுக்கு மூச்சே வரும்.

இந்த மாதிரி ஹைட்ராலிக் போயி வந்த ஒரு ஃப்ளைட்டை நானும் பாத்திருக்கேன், வேற ஊரு, வேற வருஷம். வந்து நின்னதும் மொத வேலை, சக்கரம் மடங்காம இருக்க பின்னு சொருகுறது, சிவப்பு ரிப்பன் தொங்கும் பாருங்க, அது. குனிஞ்சு உள்ள போனா வீல் வெல், அதான் சக்கரம் மடங்கி உள்ள போற குழி, அது பூரா ஊதாக் கலர் ஹைட்ராலிக் ஆயிலு, சொட்டு சொட்டா வடியுது, தோல்ல பட்டா எரியும். பின்னு ஓட்டைக்குள்ள போகல, கை அவ்வளவு நடுங்குச்சு. மேல ஜனங்க படியில எறங்குற சத்தம் தட்டு தட்டுன்னு கேக்குது, ஒரு கொழந்தை அழுவுது. அந்த சத்தத்தைக் கேட்டதுக்கு அப்புறம்தான் கை நின்னுச்சு. கடைசியில பாத்தா ஒரு பைப்புல தலைமுடி அளவு விரிசல்ணே.

---

ரொம்ப நன்றி தம்பி. சின்னம்மாவைப் பக்கத்துல வச்சு முழுசும் படிச்சுக் காட்டுனேன். அந்த மூணு பச்சை லைட்டு வர்ற எடத்தை மட்டும் இன்னொருக்கா படிக்கச் சொல்லுச்சு.