புதுப்பிப்பு: வீட்டுச் சீஸ், பால் ஏன் உறையவில்லை?

வீட்டுச் சீஸ் செய்முறையை முதலில் எழுதியபோது 3 லிட்டர் பால், 32 டிகிரி, ரென்னெட் (பாலை உறையவைக்கும் நொதி) என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நண்பர்கள் சிலருக்குப் பால் உறையாமல் கஞ்சி மாதிரி நின்றுவிட்டது. விட்டதைச் சேர்க்கிறேன்.

பெரும்பாலும் பால்தான் காரணம். மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பால் வேண்டவே வேண்டாம். அதிகச் சூட்டில் பாலின் மோர்ப் புரதம், உறையவேண்டிய புரதமான கேசீன்மேல் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரென்னெட் பிடிக்காது. கறந்த பாலைக் கொதிக்க விட்டாலும் இதே கதிதான். 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உடனே 32க்கு இறக்குங்கள். பாக்கெட் பால் என்றால் கால்சியம் குளோரைடு கரைசல் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, தண்ணீரில் கலந்து சேர்க்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ரென்னெட்டைக் கெடுத்துவிடும். காய்ச்சி ஆறிய கிணற்று நீரில் கரையுங்கள். ஊற்றியபின் அரை நிமிடம் மட்டும் கிளறி, பாத்திரத்தை அசைக்காமல் விடுங்கள்.

45 நிமிடம் கழித்துக் கத்தி நுனியைச் சாய்த்துச் செருகி மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிளவு நேராக விரிந்து, அதில் பசுமஞ்சள் தெளிநீர் ஊறினால் உறைந்த பாலைத் துண்டுகளாக வெட்டலாம். வெள்ளையாகப் பால் கசிந்தால் இன்னும் 10 நிமிடம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கொழுப்பெல்லாம் நீரோடு போய்விடும்.

உப்பு அயோடின் இல்லாதது, வடிந்த கட்டி 100 கிராமுக்கு 2 கிராம். பங்குனி, சித்திரையில் வெட்டிய கட்டியை வடியவிடும் துணிமூட்டையை வெளியில் தொங்கவிடாதீர்கள், சீக்கிரம் புளித்துவிடும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 2 மணி நேரத்துக்கும் மேலாக வடியட்டும்.