ஜிரோந்த் கழிமுகத்தில் இரண்டு நாள் மவுண்டன் பைக்: எந்தக் கரை?

பின்கியர் கேட்கிறார்:

பாரிஸ் பக்கம் வேலை. அக்டோபர் கடைசி வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. போர்தோ வரை ரயிலில் வந்து, ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களின் ஊடாக மவுண்டன் பைக்கில் சுற்றலாம் என்று இருக்கிறேன். என் வண்டிக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், டயர் 2.25 அங்குலம். இதுவரை ஓட்டியதெல்லாம் ஃபோந்தேன்புளோ காட்டு மணலிலும் பாறையிலும்தான். ஆற்றுச் சேறு எனக்குப் பழக்கமில்லை.

பிளாய் இருக்கும் வலக்கரையா, மெடோக் இருக்கும் இடக்கரையா? கொடி வரிசைகளுக்கு நடுவே ஓட்டலாமா? படங்களில் எல்லோரும் ஓட்டுகிறார்களே. வழியில் ஒரு தோட்டத்தில் இறங்கி ஒயின் சுவைத்துவிட்டு மறுபடி சைக்கிள் ஏறினால் சட்டச் சிக்கல் வருமா? இந்தக் கடைசிக் கேள்வி என் மனைவியுடையது. எனக்கும் பதில் தெரிந்தால் நல்லது.

கழிமுகவாசி எழுதுகிறார்:

வயது தெரியாமல் தம்பி என்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளாய்க்கு அருகே 11 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் மூன்று குளிர்காலம் கொடி கத்தரிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே சைக்கிள்காரன் புத்தியும் தோட்டக்காரன் கோபமும் இந்தப் பதிலில் கலந்தே வரும்.

வலக்கரைக்கு வாருங்கள். மெடோக் தட்டை. அங்கே மவுண்டன் பைக் கொண்டுபோவது உலக்கையால் பல் குத்துவது போல. பூர் ஊரிலிருந்து பிளாய் வரை ஆற்றோரமாகச் சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் நேராகப் போகாதீர்கள். கீழே சுண்ணாம்புப் பாறைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே கொர்னிஷ் சாலை ஓடுகிறது. பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள், வாசலில் செடிகள், எதிரே மரக்கால்களில் நிற்கும் மீன்பிடிக் குடில்கள். குடிலின் முன்னால் சதுர வலை ஒன்று கப்பியில் தொங்கும். இறக்குவார்கள், காத்திருப்பார்கள், ஏற்றுவார்கள். அந்தச் சாலையிலிருந்து பாறைக்கு மேலே உள்ள தோட்டங்களுக்குச் சின்னச் சின்ன ஏற்றங்கள் பிரிகின்றன. உயரம் ஒன்றுமில்லை. ஆனால் ஏறி முடித்ததும் இறக்கம், இறங்கியதும் மறுபடி ஏற்றம். கியர் மாற்றும் கட்டைவிரல்தான் முதலில் வலிக்கும். இந்தப் பக்கத்தை ‘ஜிரோந்தின் சுவிட்சர்லாந்து’ என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தைப் பார்த்தவர்கள் சொல்வதில்லை.

வரிசைகளுக்கு நடுவே ஓட்டலாமா? கூடாது. வரிசை முடிவில் டிராக்டர் திரும்புவதற்கு விட்டிருக்கும் புல்தரை பாதை போலத் தெரியும். அதுவும் பாதை அல்ல. ‘செமான் ரூரால்’ என்று வரைபடத்தில் இருப்பது ஊராட்சிக்குச் சொந்தமானது, யாரும் போகலாம். ‘பிரிவே’ (தனியார்) என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, தனியார் நிலம் என்று தெளிவாகக் குறித்திருக்கும் இடத்தில் நடந்து நுழைந்தாலே 135 யூரோ அபராதம் விழலாம். மவுண்டன் பைக் தடங்களுக்கு ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் சேர்ந்த குறி உண்டு. அது தென்பட்டால் கவலையில்லாமல் போகலாம்.

சட்டத்தை விடுங்கள், வண்டியைப் பாருங்கள். ஒரு பிப்ரவரியில், நான் வேலை செய்த தோட்டம்தானே என்ற உரிமையில் வரிசைக்குள் இறங்கினேன். கத்தரித்துப் போட்ட கொடிக்குச்சிகள் தரையெல்லாம் கிடந்தன. சுண்டுவிரல் தடிமன், காய்ந்தவை, வளைந்தவை. ஒன்று பின்சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்து சுற்றி, பின் கியரை இழுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குள் மடித்துவிட்டது. கியரைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு முறிந்துபோயிற்று. அந்தக் குச்சியைக் கத்தரித்துப் போட்டதும் நான்தான். யாரைத் திட்டுவது?

சேறு பற்றிக் கேட்டீர்கள். கழிமுகம் பாலில் டீத்தூள் தட்டிய நிறத்தில் இருக்கும். அது அழுக்கு அல்ல. கரோன், தொர்தோன்ய் ஆறுகள் கொண்டுவரும் வண்டல், கடல் நீர் ஏறி இறங்குவதால் அடங்காமல் மிதந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும்வரை அழகு. முதல் ஆண்டில், பிளாய்க்கு வடக்கே சதுப்புக் கால்வாய்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே செல்லும் புல்கரையில் போனேன். கடல் நீர் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்கவில்லை. பிரான்சில் ஓதத்துக்கு 20 முதல் 120 வரை ஓர் எண் போடுவார்கள். பெரிய எண் என்றால் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அன்று எண் 100-ஐத் தாண்டியிருந்தது. காலையில் ஏறிய நீர் கரையின் தாழ்ந்த இடங்களில் தோசைமாவுப் பதத்தில் வண்டலை ஊற்றிவிட்டுப் போயிருந்தது. பச்சைப்புல் மேலே தலைநீட்டிக்கொண்டிருந்ததால் ஏமாந்தேன். பத்துச் சுற்றுச் சுற்றியதும் வண்டலும் புல்லும் பின்னிப் பிணைந்து டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டன. முன்சக்கரம் சுற்ற மறுத்தது. தூக்கினால் வண்டி இரண்டு மடங்கு கனம். டயர் நெம்பியால் சுரண்டினேன், பத்தடி தள்ளினேன், மறுபடி சுரண்டினேன். வீட்டுக்குப் போவதற்குள் அது காய்ந்து சிமென்ட் பூச்சாகிவிட்டது. காயும் முன் கழுவுங்கள். குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்தால் சக்கர அச்சுக்குள் வண்டலை நீங்களே அனுப்பிவைக்காதீர்கள்.

ஒயின் கேள்விக்கு: சைக்கிளும் சட்டத்தின் கண்ணில் வாகனமே. ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு கார்காரருக்கு உள்ளது போல உங்களுக்கும் உண்டு. தாண்டினால் அதற்கும் 135 யூரோ. காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டினாலும் 135; இந்த எண்ணின் மேல் இவர்களுக்கு என்ன காதலோ. சுவைக்கும் இடத்தில் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புவார்கள். மனைவியிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுப்பெடல் எழுதுகிறார்:

கழிமுகவாசி அண்ணா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான் இடக்கரைக்காரி. “மெடோக் தட்டை” என்பது காரில் போகிறவர்கள் பேச்சு. இங்கே சரளை மேடுகள் உண்டு. பனியுகங்களில் ஆறு பிரனே மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து குவித்த கூழாங்கற்கள். மேட்டின் உயரம் சில மீட்டர்தான், ஆனால் மழை பெய்த மறுநாள் அந்தச் சில மீட்டரின் அருமை தெரியும். தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். கபெர்னே சோவினியோன் கொடிக்கு இந்த மண் பிடித்திருப்பதற்கும் அதுவே காரணம்: வேர் ஈரத்தில் ஊறுவதில்லை, கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. வலக்கரையில் களிமண்ணும் சுண்ணாம்பும். மெர்லோ கொடிக்குச் சொர்க்கம், மழைக்குப் பின் டயருக்கு நரகம்.

ஆகவே பின்கியர், கரையை இப்போதே முடிவு செய்யாதீர்கள். காய்ந்திருந்தால் அண்ணாவின் கரை, மழை பெய்தால் என் கரை. பிளாய்க் கோட்டைக்குக் கீழே இருந்து எதிர்க்கரையில் உள்ள லாமார்க்குக்குப் படகு இருக்கிறது, சைக்கிளை ஏற்றலாம், 20 நிமிடம் போல ஆகும். குளிர்காலத்தில் தடவைகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். வழியில் தீவில் ஒரு கல் கோபுரம் தெரியும்: ஃபோர் பாத்தே (‘ஃபோர்’ என்றால் கோட்டை). பிளாய்க் கோட்டை, அந்தத் தீவு, இந்தப் பக்கத்து ஃபோர் மெடோக் மூன்றும் சேர்ந்து, போர்தோவுக்குப் போகும் கப்பல்களைத் தடுக்க வோபான் என்ற கோட்டைப் பொறியாளர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட பூட்டு. அக்காலப் பீரங்கி குறுக்கே எட்டாத அகலம் என்பதால் நடுவில் ஒரு கோபுரம் தேவைப்பட்டது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

லாமார்க்கிலிருந்து ஃபோர் மெடோக், பெஷ்வெல், சான் ஜூலியான் வழியாகப் போயாக் போங்கள். புகழ்பெற்ற ‘ஷாதோ’க்கள் (ஒயின் தோட்ட மாளிகைகள்) எல்லாம் தே-2 சாலையில் வரிசையாக நிற்கும், பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்தச் சாலையில் லாரியும் காரும் உரசிக்கொண்டு போகும். ஆற்றுக்கும் சாலைக்கும் இடையே உள்ள பொதுப் பாதைகளில் புகுந்து புறப்படுங்கள். போயாக்கில் போர்தோவுக்கு ரயில் இருக்கிறது.

பழையசெயின் எழுதுகிறார்:

இரண்டு பேரும் மறந்த செய்தி: அக்டோபர் வேட்டைக் காலம். காட்டுப் புறாவுக்காக இந்தப் பக்கத்து ஆண்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் மாதம். கறுப்புச் சட்டை வேண்டாம், ஆரஞ்சு போடுங்கள். ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்று பலகை வைத்திருந்தால் அந்தத் துண்டுக் காட்டை விட்டுச் சுற்றிப் போங்கள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அன்று மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளக்கு கட்டாயம், ஊருக்கு வெளியே இருட்டில் ஒளிரும் மேலாடையும் கட்டாயம். கோடையில் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: மருந்து அடித்த தோட்டத்துக்குள் வேலையாட்களே குறைந்தது 6 மணி நேரம் நுழையக்கூடாது, சில மருந்துகளுக்கு 24 அல்லது 48. ஈர இலையில் நீலம் பூத்திருந்தால் அது தாமிரம், தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பின்கியர் எழுதுகிறார்:

போய்விட்டு வந்தேன். மூவருக்கும் நன்றி.

சனிக்கிழமை தரை காய்ந்திருந்தது. பூரிலிருந்து கொர்னிஷ், மேலே ஏறி, கீழே இறங்கி, கணக்கு விட்டுப்போகும்வரை. கட்டைவிரல் பற்றிச் சொன்னது உண்மை. பிளாய்க்குப் போனபின் பேராசையில் எத்தோலியே வரை பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதையிலும் ஓட்டினேன். சுமார் 13 கிலோமீட்டர், தார், ஒரு மேடு பள்ளம் கிடையாது. அண்ணா அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அரை மணி நேரத்தில் புரிந்தது.

இரவு முழுக்க மழை. காலையில் கோட்டைக்குப் பின்னால் ஒரு தோட்டப் பாதையைச் சோதித்துப் பார்த்தேன்: நாற்பது அடியில் இரண்டு சக்கரமும் மண் பணியாரம். திரும்பிப் படகுக்குப் போனேன். படகில் என்னைத் தவிர இரண்டு கார், ஒரு நாய். லாமார்க் தாண்டி முதல் சரளைப் பாதையில் ஏறியபோது நம்பவே முடியவில்லை. அதே இரவு, அதே மழை, இங்கே கூழாங்கல் மேலே ஈரம் மினுங்குகிறது, டயரில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு வரிசையின் முனையில் ரோஜாச் செடியில் இன்னும் பூ இருந்தது. அதன் அருகே நின்று, புல்தரையில் கால் வைக்காமல், ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மதியம் போயாக் கரையில் கழிமுகத்து வெள்ளை இறால் வாங்கினேன். சின்னது, சோம்பு போட்டு வேகவைத்தது, ஓட்டோடு தின்னச் சொன்னார்கள். ஒயின் சுவைத்தது ஒரே இடத்தில். மூன்று வகை. இரண்டைத் துப்பினேன்.

கழிமுகவாசி எழுதுகிறார்:

மெடோக் பற்றி நான் எழுதியதில் உலக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பல் குத்துவது பற்றிப் பிறகு பேசலாம். துப்பாத மூன்றாவது எது?