ரேம் டைமிங்கைக் குறைத்தால் போட்டோஷாப் வேகமாகுமா?

மன்னை ஆல்பம்:
வணக்கம். மன்னார்குடியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை. ரைசன் 5 5600ஜி, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ரேம் ஸ்டிக்கரில் வேகம் 3200, டைமிங் 16-18-18-36 என்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் 2400 என்றுதான் காட்டுகிறது. பயாஸில் (போர்டின் செட்டிங்ஸில்) டைமிங்கை 14-14-14 ஆக்கினால் சிஸ்டம் பறக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன, புது ரேம் வாங்க இப்போது வழியில்லை. மாற்றிப் பார்க்கலாமா?

தஞ்சை டெல்டா:
முதலில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள் அண்ணா. சிஸ்டம் ஆன் ஆகும்போது டெலிட் கீயைத் தட்டினால் பயாஸ் வரும். சில போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்ற பெயரில் இருக்கும். மற்றதெல்லாம் அப்புறம்.

குடந்தை சர்வீஸ்:
தம்பி, தஞ்சைக்காரர் சொன்னதுதான் முதல் வேலை. உங்கள் ரேம் இன்னும் ஸ்டிக்கரில் போட்ட வேகத்துக்கே வரவில்லை. எக்ஸ்எம்பி ஆன் ஆகாதவரை போர்டு அதைப் பொதுவான, பத்திரமான வேகத்தில்தான் ஓட்டும்.

அந்த டைமிங் எண்கள் எல்லாம் கிளாக் எண்ணிக்கை, அதாவது ரேமின் எத்தனை துடிப்புகள் ஆகும் என்பது. ரேமுக்குள் தகவல் வரிசை வரிசையாக இருக்கிறது. ஒரு வரிசையைத் திறக்க ஆகும் கிளாக் இரண்டாவது எண், திறந்த வரிசையில் கேட்டதைப் படித்துக் கொடுக்க ஆவது முதல் எண், மூடிவிட்டு அடுத்த வரிசைக்குத் தயாராக மூன்றாவது. முதல் எண்ணை (சிஎல் என்பார்கள்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 2400-இல் சிஎல் 17 என்றால் சுமார் 14. 3200-இல் சிஎல் 16 என்றால் 10. அதையே 14 ஆக்கினால் 8.75. எக்ஸ்எம்பியிலேயே நாலு நானோ நொடி மிச்சம். அதற்கு மேல் எவ்வளவு மெனக்கெட்டாலும் ஒன்றேகால்தான்.

காவிரியில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பது ஒன்று, கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது வேறு. 3200 என்கிற வேகம் முதலாவதைக் கூட்டும், டைமிங் இரண்டாவதை மட்டும் சரிசெய்யும். 5600ஜி-யில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது, அதனால் உங்களுக்கு முதலாவதுதான் அதிகம் தேவை. நாலு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில் ரேம் இருக்கிறதா என்று பாருங்கள். 1, 2 என்று அடுத்தடுத்து இருந்தால் டூயல் சேனல் கிடைக்காது, அதாவது இரண்டு ரேமும் தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் வேலை செய்யாது.

3200-இல் 14-14-14 என்பது சாம்சங் பி-டை சிப் போட்ட, தேர்ந்தெடுத்த ரேம்கள் செய்கிற வேலை. உங்கள் ரேமில் நடுவிலுள்ள 18-ஐ 14 ஆக்கினால் சிஸ்டம் பெரும்பாலும் பூட்டே ஆகாது, தொடங்கவே தொடங்காது. அதில் பயமில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு காயின் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பழையபடி வந்துவிடும். என் பயமெல்லாம் பூட் ஆகிவிட்டால்தான். விண்டோஸ் நன்றாக ஓடும், எப்போதாவது ஒரு பிட் மாறும், நீங்கள் சேவ் செய்கிற படத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தாலி கட்டும் படத்தில் குறுக்கே ஒரு பட்டை விழுந்தால் திரும்ப எடுக்க முடியுமா? இப்படி வந்த சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டிருப்பார்கள், கோளாறு ரேமில் இருக்கும்.

சூட்டையும் மறக்காதீர்கள். ரேம் ஒவ்வொரு பிட்டையும் மிக நுண்ணிய கெப்பாசிட்டரில் வைத்திருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் டிடிஆர்4-இல் சராசரியாக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் கட்டளை போகிறது. சூடு ஏறினால் கசிவும் கூடும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. வீடியோக்களில் டிஆர்எஃப்சி-யைக் குறைக்கச் சொல்வார்கள். அது இந்தப் புதுப்பித்தலுக்கு ஒதுக்கிய நேரம், அதில் கை வைக்காதீர்கள். ராத்திரி ஏசியில் பாஸான டைமிங் நம் ஊர் சித்திரை மதியத்தில் காலை வாரும். அதனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, மதியம் ஏசியை அணைத்துவிட்டு நாலு பாஸ் (முழுச் சுற்று) ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த டைமிங் வேண்டாம். சோதனை முடிகிறவரை கேமரா கார்டு எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

மன்னை ஆல்பம்:
ரொம்ப நன்றி அண்ணே. இரண்டு ரேமும் 1, 2-இல் அடுத்தடுத்து இருந்தன. மாற்றிப் போட்டு எக்ஸ்எம்பியும் ஆன் செய்துவிட்டேன், 3200 காட்டுகிறது. பெரிய பிஎஸ்டி ஃபைலில் ஜூம் செய்யும்போது இழுத்த இழுவை போய்விட்டது. மெம்டெஸ்டில் பிழை இல்லை. ஒரு சந்தேகம்: சிஎல்-ஐ மட்டும் 15 ஆக்கினேன், ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் சாஃப்ட்வேர் இன்னும் 16 என்றே காட்டுகிறதே?

குடந்தை சர்வீஸ்:
பயாஸில் கியர் டவுன் மோட் என்ற செட்டிங் ஆனில் இருக்கும். அது ஒற்றைப்படை சிஎல்-ஐ அடுத்த இரட்டை எண்ணுக்குத் தள்ளிவிடும். அதை ஆஃப் செய்ய வேண்டாம், 16-லேயே விடுங்கள். முகூர்த்தமெல்லாம் முடிந்து ஆல்பங்களைக் கொடுத்த பிறகு, ஆசை இருந்தால் இரண்டாவது எண்ணை 18-இலிருந்து 17 ஆக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண் மட்டும், ஒவ்வொன்றுக்கும் மறுபடி முழு மெம்டெஸ்ட். வோல்டேஜ் எக்ஸ்எம்பி வைத்த 1.35-லேயே இருக்கட்டும்.