ரேஞ்சர் ஆடியவர்களே, கைகொடுத்த இடமும் கைவிட்ட இடமும் சொல்லுங்கள்

காட்டுவழி:
பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர் பாத்திரம்) என்று பேச்செடுத்தாலே "டேமேஜ் பத்தாது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பல வருடமாக நான் ரேஞ்சர்தான் ஆடுகிறேன். டேமேஜை, அதாவது எதிரிக்கு விழும் அடியை, மட்டும் வைத்து இந்த கிளாஸை (பாத்திர வகையை) எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை முதலில் என்பதற்கான பகடை) உருட்டும் முன்பே ரேஞ்சர் பாதி வேலையை முடித்திருப்பார். அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். 2014 விதிகள், எல்லோரும் ஐந்தாம் லெவல். பள்ளத்தாக்கில் ஒரு ஹாப்காப்ளின் (போர்க்குணமுள்ள அரக்க இனம்) முகாம், உள்ளே பிணைக்கைதிகள். எங்கள் பாலடின் (புனித வீரர்) உடல் முழுக்க மூடும் பிளேட் கவசம் போட்டவர். ஸ்டெல்த்தில் (மறைந்து நடப்பதில்) டிஸ்அட்வான்டேஜ், பகடையை இரண்டு முறை உருட்ட வேண்டும். அவருக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸும் கிடையாது. "நான் இங்கேயே நிற்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றார். நான் பாஸ் வித்தவுட் டிரேஸ் மந்திரம் போட்டேன். முப்பது அடிக்குள் இருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் ஸ்டெல்த்தில் 10 கூடும். பாலடின் உருட்டினார்: 11, 4. சின்னதைத்தான் எடுக்க வேண்டும். நாலும் பத்தும் பதினாலு. ஹாப்காப்ளினின் பாசிவ் பெர்செப்ஷன் (தானாகக் கவனிக்கும் திறன்) 10. அத்தனை இரும்பைச் சுமந்துகொண்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், காவலுக்கு நின்றவனுக்குத் தெரியவில்லை. முதல் சுற்றில் அவர்களால் அசையக்கூட முடியவில்லை. ஏசி (அடி படாமல் தடுக்கும் கவச எண்) 18 உள்ள கூட்டம் அது. நேராகப் போய் மோதியிருந்தால் எங்களில் ஒருவராவது விழுந்திருப்பார்.

அந்தச் சண்டையிலேயே ரேஞ்சரின் பெரிய குறையும் இருக்கிறது. ஹண்டர்ஸ் மார்க் (குறிவைத்த எதிரிக்குக் கூடுதல் டேமேஜ் தரும் மந்திரம்) போட்டால் பாஸ் வித்தவுட் டிரேஸ் கலைந்துவிடும், இரண்டுக்குமே கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கவனம்) வேண்டும். ஸ்பைக் குரோத் (தரையில் முள் முளைக்க வைப்பது), என்ஸ்நேரிங் ஸ்டிரைக் (அடிபட்டவனைக் கொடியால் கட்டுவது) எல்லாமே அப்படித்தான். பையில் நல்ல சாமான் நிறைய இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே எடுக்கலாம். இது விதிகளை எழுதியவர்கள் செய்த கோளாறு. ஆடுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களுக்கு என்ன நடந்தது? சண்டையோடு சொல்லுங்கள்.

சாம்பல் ஓநாய்:
பீஸ்ட் மாஸ்டர் (மிருகத் துணையோடு ஆடும் ரேஞ்சர் பிரிவு) ஆடினேன், அதுவும் 2014-இல் வந்த அசல் வடிவம். மூன்றாம் லெவலில் ஓநாய் கிடைத்ததும் எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. முதல் சண்டையிலேயே தெரிந்துவிட்டது: அது கடிக்க வேண்டும் என்றால் என் முறையில் எனக்குள்ள ஒரே ஆக்‌ஷனைக் கொடுக்க வேண்டும். அது கடித்தால் நான் வில் எடுக்க முடியாது. ஐந்தாம் லெவல் வந்த பிறகுதான் அது கடிக்கும்போது நானும் ஒரு அம்பு விடலாம் என்று ஆனது.

ஐந்தாம் லெவலில் அதன் உயிர் 20 ஹிட் பாயிண்ட். எதிரி மந்திரவாதி ஃபயர்பால் போட்டான், 8டி6, அதாவது ஆறு முகப் பகடை எட்டு. சராசரியே 28 வரும். ஓநாய்க்கு டெக்ஸ்டெரிட்டி சேவில் (விலகித் தப்பிக்கும் உருட்டலில்) +2 மட்டும், தேறவில்லை. ஒரே வெடியில் போய்விட்டது. மேஜையில் யாரும் பேசவில்லை. டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) கூட "மன்னிச்சிடுங்க" என்றார். விதிப்படி எட்டு மணி நேரம் செலவழித்து வேறொரு மிருகத்தோடு பழகிக்கொள்ளலாம். எனக்கு வேறொன்று வேண்டாம், அதேதான் வேண்டும் என்று இருந்தது.

அப்புறம் 2020-இல் பிரைமல் பீஸ்ட் விதி வந்தது. டி.எம். சம்மதத்தோடு மாற்றிக்கொண்டோம். நிலத்து மிருகம் என்றால் அதே லெவலில் 30 ஹிட் பாயிண்ட், என் ஆக்‌ஷனைத் தொடாமல் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஏவலாம். செத்த ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவழித்தால் ஒரு நிமிடத்தில் முழு உயிரோடு எழுந்து வந்துவிடும். அது வந்ததிலிருந்து சண்டையில் ஓநாயை முன்னே அனுப்பப் பயமே இல்லை. மிருகத்தோடு ஆட ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து பழைய வடிவத்தை எடுக்காதீர்கள்.

பாறைமுகடு:
நான் எழுபதுகளின் விதிகளில் இன்னும் ஆடுகிறவன். 1975-இல் பத்திரிகையில் முதலில் வந்த கிளாஸ் இது, 1978-இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் சேர்ந்தது. அதில் ரேஞ்சருக்கு முதல் லெவலிலேயே இரண்டு 8 முகப் பகடை உயிர். ஜயன்ட் வகை எதிரிகள் மேல் லெவலுக்கு ஒன்றாக டேமேஜ் கூடும். ஜயன்ட் என்றால் கோபோல்ட், காப்ளின், ஆர்க், நோல் என்ற அரக்க இனங்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் அடக்கம். ஆரம்ப லெவலில் எதிர்ப்படுவதில் பாதி அதுதான்! டேமேஜ் பத்தாது என்ற பேச்சே அப்போது கிடையாது. அதற்கு விலையும் உண்டு: நல்லவராகவே இருக்க வேண்டும், தவறினால் ரேஞ்சர் என்ற தகுதியே போய்விடும்.

இருள்நடை:
குளூம் ஸ்டாக்கர், இருட்டில் வேட்டையாடும் ரேஞ்சர் பிரிவு. டார்க்விஷனை (இருட்டில் பார்க்கும் திறனை) நம்பிப் பார்க்கும் எதிரிக்கு இருட்டில் நான் தெரியவே மாட்டேன். காப்ளின் குகைக்குள் நுழைந்தோம், எங்கள் ஃபைட்டர் மனிதர், கையில் தீப்பந்தம். அந்த வெளிச்சத்தில் என் சிறப்பு முழுக்கப் போச்சு. அதற்குப் பிறகு நான் அறுபது அடி முன்னால் போவது, அவர் பின்னால் வருவது என்று பேசிவைத்தோம். அடுத்த அறையில் முதல் சுற்றிலேயே கூடுதல் அம்பு, கூடுதல் டி8, எல்லாம் அட்வான்டேஜோடு (இரண்டு உருட்டலில் பெரியதை எடுக்கலாம்). காப்ளின் தலைவன் வாளை உருவவே இல்லை. ஆனால் ஒன்று, பட்டப்பகலில் நடக்கும் கதை என்றால் இதை எடுக்காதீர்கள்.

நதிமூலம்:
நான் டி.எம். பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் ரேஞ்சர் வாடுவதும் தழைப்பதும் பெரும்பாலும் எங்கள் கையில்தான்.

நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ற ரேஞ்சர் சிறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குப் பழகிய நிலத்தில் குழு வழி தவறாது, கரடுமுரடான தரை வேகத்தைக் குறைக்காது, தேடினால் இரண்டு மடங்கு உணவு. பசி தீர்க்கும் பழம் தரும் குட்பெர்ரி மந்திரத்தையும் சேர்த்தால் பசி என்ற பேச்சே இல்லை. நிறைய டி.எம். என்ன செய்கிறார்கள்? "சரி, மூன்று நாள் நடந்து கோட்டைக்கு வந்துவிட்டீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ரேஞ்சர் எதற்காக வந்தாரோ அது அந்த வரியோடு தீர்ந்துபோகிறது.

அதே சிறப்பில் இன்னொரு வாசகம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தடம் பார்த்தால் எத்தனை பேர், என்ன அளவு, எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். என் மேஜையில் ஆற்றோரச் சேற்றில் தடம் பார்த்தார் எங்கள் ரேஞ்சர். "ஒன்பது பேர், எட்டு சிறியவர்கள், ஒருவன் பெரியவன், மூன்று மணி நேரத்துக்கு முன்" என்றேன். அவர் அங்கேயே நின்று யோசித்தார். "பெரியவன் காலடிக்கு மேல் சிறியவர்கள் காலடி விழுந்திருக்கிறதா, கீழேயா?" என்று கேட்டார். எனக்கு உடல் சிலிர்த்தது. மேலே விழுந்திருக்கிறது என்றேன். சிறியவர்களான காப்ளின்கள் பெரியவனான ஓகருக்குப் பின்னால் போகிறார்கள், அதாவது துரத்துகிறார்கள் என்று அவராகவே கண்டுபிடித்தார். சண்டை போட வந்த குழு அந்த ஓகரோடு பேசிக் கூட்டுச் சேர்ந்தது. நான் எழுதி வைத்திருந்த கதையே வேறு.

பிரைமீவல் அவேர்னெஸ் என்ற சிறப்பை மட்டும் என்னாலும் காப்பாற்ற முடியவில்லை. ஸ்பெல் ஸ்லாட் கொடுத்து, ஒரு மைலுக்குள் ஃபீன்ட் (பிசாசு வகை) இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். எங்கே, எத்தனை என்பது தெரியாது. நகரத்துக்குள் அதைப் போட்டவரிடம் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதெல்லாம் திசையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காட்டுவழி:
அந்தக் காலடிக் கேள்விக்காகவே இந்தத் திரியைத் தொடங்கியது தகும். 2024 வடிவத்தில் ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஹண்டர்ஸ் மார்க்கைச் சில தடவை இலவசமாகப் போடலாம், எக்ஸ்பர்டீஸும் (தேர்ந்த திறமைக்கு இரட்டிப்பு போனஸ்) வந்துவிட்டது, அது நல்லதுதான். ஆனால் கான்சன்ட்ரேஷன் அப்படியே இருக்கிறது. இருபதாம் லெவலில் கிடைக்கும் பரிசு, மார்க்கின் டி6 பகடை டி10 ஆவது மட்டும்.

இருள்நடை:
அதில் பன்னிரண்டு வரை ஆடினேன். பதின்மூன்றில் அடி வாங்கினாலும் மார்க் கலையாது என்று இருக்கிறது, அதற்காகக் காத்திருக்கிறேன். அதுவரை மார்க்கைச் சின்னச் சண்டைகளுக்கு வைத்துக்கொண்டு, பெரிய சண்டையில் ஸ்பைக் குரோத். போன வாரம் இரண்டு ஓகர்கள் அதற்குள் இருபது அடி ஓடி வந்தன, ஐந்தடிக்கு 2டி4 வீதம் ஒவ்வொன்றுக்கும் 8டி4. எங்களை நெருங்கும்போதே மூன்றில் ஒரு பங்கு உயிர் போயிருந்தது.